பீரிசில் வைக்காத பிழை

தவராசா என்பவரின் பிழைப்பை நான் கெடுத்தேன். அவர் ஓட்டிவந்த மின்காரின் தொடுதிரை பழுதானபோது, அதற்கு அவருடைய செயற்கைக் கைதான் காரணம் என்று, திரையைத் திறந்து பார்க்காமலே தீர்ப்புச் சொன்னேன். பின்னர், காரணம் நானே என்பதைக் கண்டேன். கண்ட பின்னும் வாய் திறக்கவில்லை. முதற்பிழை அவசரத்தில் நடந்தது என்று யாராவது பொறுத்துக்கொள்ளக்கூடும். இரண்டாவதற்கு அப்படி ஒரு சாட்டும் இல்லை.

வேலையிலிருந்து நான் ஓய்ந்துவிட்டேன். ஆனாலும் சில காலைகளில் நீர்வேலியில் இருக்கும் மின்கார்ப் பட்டறைக்குப் போய்வருவேன். அங்கே என் பழைய மேசையில் ஒரு வெள்ளைப் பீரிஸ் இருக்கிறது. தேநீர்க் கோப்பைக்குக் கீழே வைக்கிற சாதாரணத் தட்டுத்தான். அதில் கோப்பை வைத்து யாரும் தேநீர் குடித்ததில்லை. இப்போது அங்கே வேலை செய்பவர்கள் அது எதற்கு என்று கேட்டார்கள். பாதியைச் சொன்னேன். மற்றப் பாதியை எழுதித் தருகிறேன் என்றேன்.

நான் பௌதிகம் படித்தவன். உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறுதான், ஆனால் பல்கலைக்கழகத்துக்குப் போதவில்லை. யாழ்ப்பாண நகரத்தில் வானொலி திருத்தும் கடை வைத்திருந்த இரத்தினம் மாஸ்ரரிடம் சேர்ந்தேன். வானொலி, பிறகு ரீவி, மின்சாரமே இல்லாத வருடங்களில் சைக்கிள் டைனமோவில் பாடும் வானொலி, பிறகு கணினித் திரைகள். என் வயதுக்காரர் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றி இறக்கத் தொடங்கிய காலத்தில் மயூரன் மின்கார்ப் பட்டறை திறந்தான். திரைகளைப் பார்க்க ஆள் வேண்டும், வாங்கோ அண்ணை என்றான். போனேன். என் தொழில் வாழ்க்கை இவ்வளவுதான். கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை, மாஸ்ரரின் பீரிசைத் தவிர.

மாஸ்ரர் ஒல்லியான மனிதர். வேலை செய்யும்போது சேட்டின் மேல் பொத்தான்வரை பூட்டியிருப்பார். பழுதான பெட்டியோடு ஒருவர் வந்தால், முதலில் பெட்டியைப் பார்க்கமாட்டார். அவரைக் கதிரையில் இருத்தி, வீட்டில் அதை எங்கே வைத்திருக்கிறார்கள், யார் போடுகிறவர், கடைசியாகச் சரியாக வேலை செய்தபோது வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று கேட்பார். வைத்தியர் கேட்பதுபோல இருக்கும். பிறகுதான் மூடியைக் கழற்றுவார். கண்டுபிடித்த பிறகும் உடனே சொல்லமாட்டார். கெட்டுப்போன பாகத்தைக் கழற்றி, அந்த வெள்ளைப் பீரிசில் வைத்து, இரண்டு கையாலும் ஏந்தி வந்து உரிமையாளரின் முன்னால் வைப்பார். ஒரு முறை கடைக்காரர் ஒருவருக்கு, வீங்கி வெடித்திருந்த சின்னஞ்சிறு உருளை ஒன்றை அப்படி வைத்து, "இதுதான் உங்கடை படத்தை விழுங்கினது" என்றார். பெரிய வியாபாரி அவர். கடன்காரனை ஒரே சத்தத்தில் ஓட்டக்கூடியவர். அந்த உருளையை உள்ளங்கையில் வைத்து, பிள்ளையின் விழுந்த பல்லைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஒருநாள், திறக்காமலே ஒரு பெட்டிக்குப் பழுது சொல்லிவிட்டேன். சொன்னது சரியாகவும் இருந்தது. மாஸ்ரர் பாராட்டவில்லை. ஆள் போகும்வரை பொறுத்திருந்துவிட்டு, "பீரிசிலை வைக்க ஏலாததை வாயாலை சொல்லாதை" என்றார்.  அவர் இறந்தபோது அந்தப் பீரிசை அவருடைய மனைவி எனக்குத் தந்தார்.

மின்காருக்குள் இருக்கும் பழைய வகைத் தொடுதிரையை முதன்முறை நான் கழற்றிப் பார்த்த நாளை மறக்கமுடியாது. இன்றைய கைபேசித் திரைகள் வேறு சாதி. அவை உயிருள்ள உடம்பின் மின்னை உணர்பவை. உயிரில்லாத பொருளால் தொட்டால் அசையமாட்டா. இந்தப் பழைய திரை அப்படியில்லை. கீழே ஒரு கண்ணாடி. அதன்மேல், கண்ணுக்குத் தெரியாத உலோகப் பூச்சு. அதற்கு மேலே அதே பூச்சுள்ள மெல்லிய பிளாஸ்ரிக் தாள். இரண்டுக்கும் நடுவில், உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாமல் காணமுடியாத புள்ளிகள் வரிசை வரிசையாக நின்று, இரண்டும் ஒட்டாமல் தாங்கிப் பிடிக்கின்றன. விரல் அமத்தினால் அந்த இடத்தில் மட்டும் மேல்தாள் குனிந்து கீழ்க்கண்ணாடியைத் தொடும். ஓரத்திலிருந்து அந்த இடம் எவ்வளவு தூரம் என்பதை மின்னழுத்தம் சொல்லிவிடும். இவ்வளவுதான் அதன் இரகசியம். பௌதிகப் பாடத்தில் நான் படித்த, கம்பியின் நீளத்தோடு மின்னழுத்தம் மாறுவதைக் காட்டும் சோதனைதான் அது. ஆனால் அதை இவ்வளவு மெல்லியதாக, இவ்வளவு தெளிவாக, ஊடாகப் படம் பார்க்கும்படி செய்திருந்தார்களே என்று அன்று சாப்பிடப் போகாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தொடுவது விரலா, பேனையா, மரக்குச்சியா என்று அது கேட்பதில்லை. தொட்டால் தொட்டது என்று ஏற்றுக்கொள்கிறது.

அந்தத் திரையால்தான் தவராசாவுக்கு வேலை கிடைத்தது.

அவர் வல்வெட்டித்துறைக்காரர். கடல் தொழில் செய்த குடும்பம். இடது கை முழங்கைக்குக் கீழே இல்லை. எப்படிப் போனது என்று நான் கேட்டதில்லை. எங்கள் பக்கத்தில் அதை யாரும் கேட்பதில்லை. தோல் நிறத்தில் ஒரு பிளாஸ்ரிக் கை போட்டிருந்தார். அதன் சுட்டுவிரல் சற்று நீண்டு நிற்கும். உடுப்பிட்டியில் இருந்த பூமணி ரீச்சருக்கு மகன் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பி ஒரு பழைய யப்பான் மின்காரை வாங்கிக் கொடுத்திருந்தான். ரீச்சருக்கு ஓட்டத் தெரியாது. தவராசா ஓட்டினார். ரீச்சரை வைத்தியசாலைக்கும் கோவிலுக்கும் கொண்டுபோய், மீதி நேரத்தில் அதே காரில் ஊராருக்கு வாடகை ஓடி, குடும்பம் நடத்தினார்.

ஒரு கையால் எப்படி ஓட்டுகிறார் என்று நான் வியந்ததுண்டு. அவரே காட்டினார். கிளச் இல்லை, கியர் மாற்ற வேண்டியதில்லை. யப்பான் காரில் சிக்னல் தடி வலப்பக்கம். வலது கை ஸ்டியரிங் சில்லில் இருந்தபடியே அதைத் தட்டும். ஏசி, பின்பக்கக் கமெரா, சார்ஜ் நேரம் எல்லாம் திரைக்குள். அதைப் பிளாஸ்ரிக் விரல் பார்த்துக்கொள்ளும். திரையில் உள்ள எழுத்தெல்லாம் யப்பான் மொழி. நானும் மயூரனும் அதைக் கைபேசியால் படம் பிடித்து மொழிபெயர்த்துத் தடுமாறிக்கொண்டிருந்தபோது தவராசா எழுத்துகளுக்குத் தானே பெயர் வைத்திருந்தார்.

"உது நண்டு. நண்டை அமத்தினால் குளிர் வரும். பக்கத்திலை கிடக்கிறது நங்கூரம், அது சார்ஜுக்கு. மேலை நிக்கிறது முதலாளி. முதலாளியைத் தொடாதேங்கோ அண்ணை, எல்லாத்தையும் அழிச்சுப்போடுவார்."

பார்த்தேன். அந்த எழுத்து நண்டேதான். பிறகு எனக்கு அதை வேறொன்றாகப் பார்க்க முடியவில்லை. பட்டறையில் நாங்கள் எல்லோரும் நண்டு, நங்கூரம் என்றே சொல்லத் தொடங்கினோம்.

ஆயுத பூசைக்கு எங்கள் பட்டறையில் கருவிகளுக்குச் சந்தனம், குங்குமம் வைப்போம். வாடிக்கையாளர் பலர் கார்களையும் கொண்டுவந்து நிறுத்துவார்கள். மூத்தவன் என்று பொட்டு வைக்கும் வேலை எனக்கு. மற்றக் கார்களில் ஸ்டியரிங் சில்லில் வைத்துவிட்டுப் போவேன். மின்காருக்கு உயிர் திரையில்தான் இருக்கிறது என்று எனக்கொரு எண்ணம். அதனால் திரையின் மேல் மூலையில், சட்டமும் தாளும் சந்திக்கும் இடத்தில், பெருவிரலால் அழுத்தி வைப்பேன். சந்தனம் கெட்டியாக இருக்கவேண்டும், வழியக்கூடாது. அதில் எனக்குப் பெருமை வேறு. இரண்டாம் வருடம் ரீச்சரின் காருக்கு வைத்தபோது தவராசா துணியோடு பக்கத்தில் நின்றார்.

"அண்ணை, மூலை வெடிப்புக்குள்ளை போகுது. துடைச்சு விடட்டோ?"

"சாமிக்கு வைச்சதைத் துடைக்கக்கூடாது" என்றேன்.

துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

சில மாதங்கள் கழித்துத் திரை கோளாறு செய்யத் தொடங்கியது. காலையில் சரியாக இருக்கும். வெயில் ஏறியதும் நண்டை அமத்தினால் நண்டு கேட்காது. மேலே தள்ளி வேறெதுவோ திறக்கும். சில வேளை யாரும் தொடாமலே படங்கள் மாறும். ஒரு நாள் காங்கேசன்துறைப் பக்கமாக ஓடிக்கொண்டிருக்கும்போது திரை தானாக முதலாளியிடம் போய், சேமித்து வைத்ததெல்லாம் அழிந்துபோனது. ரீச்சர் பயந்துவிட்டார். இருவரும் பட்டறைக்கு வந்தார்கள்.

அன்று வேலை நெருக்கம். மூன்று கார்கள் காத்து நின்றன. இதைச் சாட்டாகச் சொல்லவில்லை, அன்று எப்படி இருந்தது என்று சொல்கிறேன். முன்கதவைத் திறந்து குனிந்து திரையைப் பார்த்தேன். நண்டு இருக்கும் இடத்தில் மேல்தாள் மங்கி, மெல்லிய கீறல்கள் தெரிந்தன. நிமிர்ந்தபோது என் கண்ணுக்கு நேரே தவராசாவின் பிளாஸ்ரிக் விரல் நின்றது. கீறல், விரல். வேறெதையும் நான் யோசிக்கவில்லை. ஒரு கணம் யோசித்திருந்தால் போதும்: நண்டின் இடத்தில் தேய்ந்திருந்தால் நண்டின் இடத்தில்தான் கோளாறு இருக்கவேண்டும், தொடுகை ஏன் மேல் மூலைப் பக்கம் இழுபடுகிறது? வெயிலுக்கும் கீறலுக்கும் என்ன தொடர்பு? பௌதிகம் படித்தவன் கேட்டிருக்கவேண்டிய கேள்விகள். மாஸ்ரராக இருந்தால் ரீச்சரைக் கதிரையில் இருத்தியிருப்பார்.

"என்ன பழுது?" என்று ரீச்சர் கேட்டார்.

"உவரின்ரை பிளாஸ்ரிக் விரல் தாளைத் திண்டுட்டுது, ரீச்சர். இன்னொண்டு போட்டாலும் உந்தக் கை அதையும் தின்னும்."

அவர் பக்கத்தில் நிற்கும்போதே சொன்னேன். தவராசா தன் கையைப் பார்த்தார். பிறகு அதை மெதுவாக முதுகுப்பக்கம் கொண்டுபோனார்.

பழைய வகைத் திரை கிடைப்பதும் கடினம். மயூரன் புதிய வகைத் திரை ஒன்றைப் போட்டான். பெரியது, வெளிச்சமானது, தமிழிலேயே எழுத்து வரும். தவராசா சாரதி இருக்கையில் ஏறி விரலை வைத்தார். அது அசையவில்லை. மறுபடி வைத்தார். மயூரன் அந்த விரல் நுனிக்கு ஏதோ இறப்பர் உறை மாட்டிப் பார்த்தான். உடம்போடு தொடர்பில்லாத எதையும் அந்தத் திரை ஏற்காது என்று எனக்குத் தெரியும், சொல்லாமல் நின்றேன். கடைசியில் தவராசா வலது கையைச் சில்லிலிருந்து எடுத்து, உடம்பைத் திருப்பி, குறுக்கே நீட்டித் தொட்டார். ஏசி வந்தது. பின் இருக்கையிலிருந்த ரீச்சர் அதைக் கண்டார். ஓடிக்கொண்டிருக்கும்போது இப்படிக் கையை விட்டால் என்னாவது என்று அவர் கேட்கவில்லை. அன்றிரவு தொலைபேசியில் மகன் கேட்டிருக்கிறான். அடுத்த நாள் ரீச்சர் அழுதுகொண்டே காரின் திறப்பை வாங்கிக்கொண்டதாக அறிந்தேன். தவராசா காருக்குள் கிடந்த தன் துவாயை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒழுங்கை முனைவரை போய், திரும்பி வந்து, சில்லில் காற்றுக் குறைவு, நாளைக்கு அடியுங்கோ ரீச்சர் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

கழற்றிய பழைய திரையை நான் அலுமாரியில் வைத்தேன். அந்த மழைக்காலத்தில் அதே வகைக் கார் ஒன்று வந்தது. பிள்ளை ஒன்று கத்தரிக்கோலால் தாளைக் கிழித்திருந்தது. ரீச்சரின் திரையிலிருந்து பாகம் எடுக்கலாம் என்று அதை மேசையில் வைத்து, முதன்முறையாக, திறந்தேன்.

மீற்றரின் இரண்டு முனைகளையும் இரண்டு தாள்களின் தடங்களில் வைத்தேன். எதுவும் தொடாதபோது இரண்டுக்கும் நடுவில் மின் ஓடக்கூடாது. ஓடியது. யாரோ ஒருவர் ஓயாமல் விரலை வைத்திருப்பதுபோல மீற்றர் காட்டியது. சட்டத்தைச் சுற்றியுள்ள கொளுக்கிகளை ஒவ்வொன்றாக விடுவித்து மேலே தூக்கினேன். மீற்றரின் ஓட்டம் நின்றது. மேல் மூலையில், சட்டத்துக்கும் தாளுக்கும் நடுவில், நெல்மணி அளவில் ஒரு கட்டி இறுகிக் கிடந்தது. மஞ்சள் நிறம், நடுவில் சிவப்புக் கோடு. மூக்கருகே கொண்டுபோனேன். அத்தனை மாதம் கழிந்தும் வாசம் இருந்தது.

சந்தனம். நான் வைத்த சந்தனம்.

ஈரமாக இருக்கும்போது வெடிப்புக்குள் இறங்கி, காய்ந்து, கல்லாகியிருக்கிறது. வெயிலில் சட்டம் இளகி அசைந்து அதைத் தாள்மேல் அமத்தியிருக்கிறது; நாளடைவில் அந்த வளைவிலேயே நின்றுவிட்டது. திரைக்கு அது ஒரு விரல். மூலையில் ஒரு விரல், தவராசாவின் விரல் நண்டில். இரண்டு விரலையும் ஒரே நேரத்தில் அறியத் தெரியாத அந்தப் பழைய கண்ணாடி, இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தைச் சொல்லியிருக்கிறது. அது கடைசிவரை பிழையே விடவில்லை. தன்னைத் தொட்டவர்கள் எல்லோரையும் உண்மையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அதை நினைத்தபோது எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை, வியப்பு. ஒரு நெல்லளவு பொருளை இவ்வளவு மாதமாக ஒரு மனிதத் தொடுகையாக மதித்து வந்த கண்ணாடி! அதற்குப் பிறகுதான் துணியை மடித்துத் தோளில் போட்ட தவராசாவின் முகம் வந்தது.

கீறல்களை உருப்பெருக்கியில் பார்த்தேன். மேற்பரப்பில் மட்டும். உள்ளே பூச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்தக் கட்டியைப் பீரிசில் வைத்தேன். பிறகு, ஆள் வரும் சத்தம் கேட்டதும், எடுத்து ஒரு சின்னத் தகரப் பெட்டிக்குள் போட்டு மூடினேன். கிழிந்த திரைக்கு வேறு வழி பார்த்தேன். ரீச்சரின் திரையை மறுபடி பூட்டி அலுமாரியில் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. ஊரில் எனக்கிருந்த பெயர் எனக்கு அவ்வளவு பெரிதாக இருந்தது. அடுத்த ஆயுத பூசைக்கும் பொட்டு வைத்தேன். திரையில் வைக்கவில்லை, அவ்வளவுதான். பிறகு கண் மங்குகிறது என்று சொல்லி வேலையை விட்டேன்.

ஒரு நாள் யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை பஸ்சில் வந்துகொண்டிருந்தேன். நெரிசல். நிற்கப் பிடியில்லாமல் தடுமாறினேன். யன்னலோரமிருந்து ஒருவர் எழுந்து, "இருங்கோ அண்ணை" என்றார். தவராசா. நான் மறுத்தேன். அவர் என்னைத் தோளில் பிடித்து இருத்திவிட்டு, இடது முழங்கை மடிப்பால் மேற்கம்பியைக் கொளுவிப் பிடித்துக்கொண்டு நின்றார். பஸ் திரும்பும் ஒவ்வொரு வளைவிலும் உடம்பு முழுவதும் அந்த மடிப்பில் தொங்கியது. ரீச்சரைப் பற்றி விசாரித்தார். நான் கண்டிருப்பேன் என்று நினைத்திருக்கிறார். என் கண் எப்படி என்றும் கேட்டார். நான் இறங்கவேண்டிய இடத்துக்கு முன்னமே இறங்கி மீதித் தூரத்தை நடந்தேன்.

அடுத்த நாள் காலை பீரிசையும் தகரப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு வல்வெட்டித்துறைக்குப் போனேன். கரையோரம் ஒரு கொட்டிலில் படகு எஞ்சின் திருத்துபவர் ஒருவருக்குத் தவராசா கையுதவி செய்துகொண்டிருந்தார். பிளாஸ்ரிக் கையால் எஞ்சினை அணைத்துப் பிடித்து, வலது கையால் ஆணி கழற்றிக்கொண்டிருந்தார். கவிழ்த்திருந்த படகொன்றின்மேல் பீரிசை வைத்து, கட்டியை அதில் வைத்தேன்.

"என்ன அண்ணை இது?"

"ரீச்சரின்ரை திரைக்குள்ளை இருந்தது. நான் வைச்ச சந்தனம். உம்மடை கையிலை ஒரு பிழையும் இல்லை."

குனிந்து நெடுநேரம் பார்த்தார். கடற்காற்று பலமாக இருந்தது. கட்டி பறந்துவிடாமல் வலது கையை அதற்கு மறைப்பாக வைத்துக்கொண்டார்.

"எப்ப எடுத்தனீங்கள்?"

நான் எதிர்பார்த்துப் போன கேள்விகளில் இது இருக்கவில்லை.

"போன மாரியிலை."

"அப்ப ஒரு வருசமாய் உங்களிட்டை இருந்திருக்கு."

"ஓம்."

அவர் பிளாஸ்ரிக் கையை என் முன்னால் நீட்டினார். சுட்டுவிரலின் நுனி தட்டையாகத் தேய்ந்திருந்தது. நான் முன்பு கண்ட விரல் அது இல்லை.

"கழட்டி வைச்சிட்டு ஒவ்வொரு நாளும் தடவிப் பாக்கிறனான், எங்கையடா கூர் கிடக்கெண்டு. ஒண்டும் அம்பிடேல்லை. பிறகு அரம் போட்டு உரஞ்சினனான். இந்தக் கை இனி ஆரின்ரை சாமானையும் கெடுக்கக்கூடாதெண்டு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"கதையாதேங்கோ அண்ணை," என்றார். கோபக் குரல் இல்லை. "கொஞ்ச நேரம் கதையாமல் இருங்கோ."

எஞ்சினிடம் திரும்பிப்போய் விட்ட இடத்திலிருந்து ஆணியைக் கழற்றத் தொடங்கினார். நான் படகருகே நின்றேன். அந்த எஞ்சின் முழுவதும் கழன்று முடிந்த பிறகுதான் அவர் என்னைப் பார்த்து, "ரீச்சருக்குச் சொல்லிப்போட்டியளோ?" என்று கேட்டார்.

ரீச்சரிடம் அன்றே போனேன். அதே பீரிஸ், அதே கட்டி. அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "வடிவாய்ப் படிச்ச மனுசன் நீர்," என்றார். அதற்குமேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் இலேசாக இருந்திருக்கும். அவசரத் தேவைக்குப் பக்கத்து வீட்டார் ஓட்டுவதைத் தவிர, கார் கொட்டகைக்குள் உறங்கிக்கொண்டிருந்தது. பழைய திரையைப் பூட்டும், பிறகு பாப்பம் என்றார்.

மயூரனிடம் சொன்னபோது ஒரு நாள் முழுவதும் என்னோடு அவன் கதைக்கவில்லை. பட்டறையின் பெயரை நினைத்திருப்பான். அடுத்த நாள் வந்து, காரை இங்கேயே கொண்டுவரச் சொல்லுங்கோ, எல்லாரும் பாக்கட்டும் என்றான்.

கண் மங்கியது பொய்யில்லை. ஆனால் அந்த வேலையை வேறெவரிடமும் விட மனம் வரவில்லை. அலுமாரியிலிருந்து திரையை எடுத்தேன். தென்னோலை ஈர்க்கைச் சீவி நுனியைத் தட்டையாக்கினேன். உலோகம் பட்டால் தாள் போய்விடும். ஸ்பிரிட்டில் தோய்த்து, சட்டத்தின் நாலு ஓரத்தையும் சுற்றிச் சுற்றி எடுத்தேன். சந்தனத் தூள் வந்துகொண்டே இருந்தது. பிறகு பஞ்சு, பிறகு காற்று, பிறகு மறுபடி ஈர்க்கு. மீற்றர் வைத்தேன். ஓட்டமில்லை. காரின் சின்னப் பற்றறியின் கம்பியைக் கழற்றி, மின் முழுவதும் வடியும்வரை காத்திருந்து, புதிய திரையை எடுத்துவிட்டு, நாடாபோன்ற தட்டைக் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பழைய திரையில் செருகினேன்.  மயூரன் விளக்கைப் பிடித்தான்.

திரையில் வெளிச்சம் வந்தது. கழற்றிப் பூட்டிய திரைக்குத் தன் எல்லைகளைத் திரும்பச் சொல்லிக்கொடுக்கவேண்டும். மூலைக்கு மூலை சிலுவை அடையாளம் ஒன்று தோன்றும். அதன்மேல் சரியாகத் தொடவேண்டும். வழக்கமாக அதை நான்தான் செய்வேன். இறங்கி, தவராசாவை ஏறச் சொன்னேன். அவர் தயங்கினார். பிறகு ஏறி, தேய்ந்த பிளாஸ்ரிக் விரலை முதல் சிலுவையில் வைத்தார்.

திரை சத்தமிட்டது. அடுத்த மூலை. அதற்கடுத்தது. கடைசியாக, நான் சந்தனம் வைத்த மூலை. அங்கே வைத்த விரலைச் சற்று நேரம் எடுக்காமல் வைத்திருந்தார். ஒவ்வொரு தொடுகைக்கும் அந்தக் கண்ணாடி, சரி, இங்கே என்று பதில் சொல்லிக்கொண்டு, ஓர் உயிரில்லாத விரலிலிருந்து தன் உலகம் முழுவதையும் அளந்துகொண்டது. அந்தச் சட்டத்துக்குள் என்ன நடக்கிறது என்று எனக்கு வரி வரியாகத் தெரியும். தெரிந்தும் முதன்முறை பார்ப்பவன்போலக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

தவராசா நண்டை அமத்தினார். குளிர் வந்தது. பின் இருக்கையில் ரீச்சர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

அதன்பின் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று எழுத ஆசைதான். அப்படி ஆகவில்லை. ரீச்சர் திறப்பைத் திருப்பிக் கொடுத்தார், தவராசா வாங்கிக்கொண்டார். ஆனால் வாரத்தில் சில நாள் படகு எஞ்சின் வேலைக்கும் போனார். இனி ஒரு திரையை நம்பி இருக்கமாட்டேன் என்று மயூரனிடம் சொன்னாராம். பட்டறைக்கு வரும்போது மயூரனோடு கதைப்பார், எனக்குத் தலையசைப்பார். அதற்குமேல் கேட்க எனக்கு உரிமையில்லை. ஊரில் விசயம் பரவியது. சிலர் என்னை மெச்சினார்கள். அது சகிக்கமுடியாமல் இருந்தது.

போன ஆயுத பூசைக்கு ரீச்சரின் கார் வந்தது. சந்தனக் கிண்ணத்தை நான் தொடவில்லை, ஓரமாக இருந்தேன். மயூரன் பொட்டு வைத்துக்கொண்டு வந்தான். தவராசா அவனிடமிருந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"திரைக்கு வேண்டாம் அண்ணை," என்றார். பிளாஸ்ரிக் கையை என் முன்னால் நீட்டினார். "ஆயுதம் எண்டால் எனக்கு இதுதான். இதுக்கு வையுங்கோ."

பெருவிரலில் சந்தனம் எடுத்தேன். தேய்ந்த அந்த நுனியில் வைத்தேன். அது கோணலாக விழுந்தது. குங்குமத்தையும் வைத்தேன்.

பூசை முடிந்தது, காரை எடுக்கலாம் என்று மயூரன் கூப்பிட்டான். தவராசா சாரதி இருக்கையில் ஏறி இருந்தார். எடுக்கவில்லை. கையை யன்னலுக்கு வெளியே வெயிலில் நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன, வெளிக்கிடேல்லையோ?" என்று ரீச்சர் கேட்டார்.

"பொறுங்கோ ரீச்சர்," என்றார். "காயட்டும். காய்ஞ்சாப் பிறகு நண்டைத் தொடுவம்."